ஈயம் போடாத வருஷம்

கயேலு ஏரிக்கரை,
ஏப்ரல் 3

எல்வீரா கண்ணு,

எல்லாவற்றையும் நான் முன்னாலேயே சொல்லியிருந்தேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு யாரும், எல்லாம் நடந்து முடிந்ததும் வந்து சொல்கிறான் நிகானோர் என்று பேசக் கூடாது. தெல்மாக்கா கடையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து மாத்தே உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்: "இலை உதிர்ற காலம் வந்து லெங்கா மரமெல்லாம் சிவக்கட்டும், லிசாந்த்ரோ படகு தானா வரும் பாரு." அதற்கு அவள், "நீ வரும்னு சொன்னா வர்ற மழைகூட நின்னுடும், படகு எங்கேருந்து வரும்?" என்றாள். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் பெயரெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

வந்துவிட்டது கண்ணு. உன் புருஷனின் படகை நான் பார்த்தேன்.

போன வாரம் காலையில் மீன் இழுவைக்குப் போயிருந்தேன். மோட்டாரை முனகலில் விட்டு, மீனை ஏய்க்கும் பித்தளைக் கரண்டியைத் தூண்டில் நரம்பில் கட்டிப் பின்னால் நீளமாக விட்டு, கழுதைமுனையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தேன். முனைக்கு முன்னால்தான் ஒரு டிரவுட் பிடித்திருந்தேன். நம் வீட்டு வாசல் கதவை அகலவாட்டில் வைத்தால் அந்த நீளம். அது இருக்கட்டும். பனிமூட்டம் தண்ணீரின்மேல் படுத்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பச்சைப் படகு எதிரே வந்தது. உள்ளே ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் நம் ஏரி வழக்கப்படி தூண்டில் கோலைத் தூக்கினான். 'என் நரம்பு பின்னால் வருகிறது, அறுத்துவிடாதே' என்று அர்த்தம். நானும் தூக்கினேன். எதிரே ஒருவன் கோலைத் தூக்கினால் பதிலுக்குத் தூக்காத ஜென்மம் இந்தக் கரையில் பிறக்கவில்லை. தூக்கிய பிறகுதான் உறைத்தது, அந்தப் படகிலிருந்து மோட்டார் சத்தமும் இல்லை, துடுப்புச் சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தால் வெறும் மூட்டம்.

யார் என்று கேட்பாய். வேறு யார்? போன வருஷம் இதே பருவத்தில் தனியாக இழுவைக்குப் போய்ப் படகோடு காணாமல் போனவன் யார்?

இதை உனக்கு எழுதச் சொன்னது நான் மட்டுமல்ல. ஹசிந்தோ என்னைக் கடைவாசலில் நிறுத்திவைத்து, எனக்கே பாடம் எடுக்கிற மாதிரி பேசினான்: "நிகானோர், ஏரியில ஒருத்தன் போயி உடம்பு கிடைக்கலன்னா, அந்த வருஷம் யாரும் நரம்புல ஈயக்குண்டு கட்டமாட்டோம். கீழே கிடக்கிறவன் மேல கொக்கி மாட்டக் கூடாதுங்கறதுக்காக. சரி, கட்டல. கோடை முழுக்க மீன் ஆழத்துக்குப் போயிருச்சு, நாங்க மேலாக்கக் கரண்டிய இழுத்துக்கிட்டுத் திரிஞ்சோம். மீனுக்குப் புகைபோடற கொட்டகையில இப்ப எலிதான் தொங்குது. வருஷம் முடியப்போகுது. அவன் பொண்டாட்டி வந்து மொத ஈயத்தத் தன் கையால போட்டாத்தானே நாங்க போட முடியும்? உன் மருமக வருவாளா மாட்டாளா?"

"என் வார்த்தையைத் தட்டமாட்டா" என்று சொல்லிவிட்டேன். ஒரு மாதத்தில் வந்துவிடுவாய் என்றும் சொல்லிவிட்டேன். ஆகையால் வந்துவிடு. மே மாத முதல் ஞாயிறு நாள் குறித்திருக்கிறார்கள்.

உன் தாய்மாமன்,
நிகானோர்

(எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் மூன்றாம் வகுப்புவரைதான். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தவன், ஆறு என்று வைத்துக்கொள்.)


கொமொதோரோ,
ஏப்ரல் 9

மாமா,

கடிதம் கிடைத்தது. சலவைக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். இங்கே இரும்புக் கதவையும் ஆட்டுகிற காற்று. உங்கள் கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பாடுபட்டதற்கு அதில் இருந்தது ஒரு பச்சைப் படகு.

ஹசிந்தோ ஒரு பீப்பாய் பச்சைச் சாயம் வாங்கிவந்த வருஷம் உங்களுக்கு நினைவில்லையா? அந்த ஏரியில் பாதிப் படகு பச்சை. தெல்மாக்காவின் கோழிக்கூடு பச்சை. உங்கள் படகும் பச்சைதான் மாமா.

நீங்கள் சொல்வதை நான் எப்படி நம்புவது? ஒரு டிரவுட் ஆட்டுக்குட்டியை விழுங்கியதைப் பார்த்தவர் நீங்கள். என் கல்யாணத்தில் கவர்னர் உங்களிடம் யோசனை கேட்டார் என்று சொன்னவரும் நீங்கள்தான். அன்று வந்திருந்தது கவர்னரின் காரோட்டியின் தம்பி.

ஈயத்தைப் போட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் புருஷன் செத்துவிட்டான், கீழே கிடக்கிறான், இனி அவன்மேல் எதுவும் பட்டால் எனக்குச் சம்மதம் என்று ஊர் முன்னால் நானே சொல்வது. அவன் சாகாமல் இருந்தால்? அக்கரையில் இறங்கி எல்லையைத் தாண்டிச் சிலிக்குப் போயிருந்தால்? அங்கே சாப்பாட்டுக்கடை ரொசௌராவின் வீட்டில் இந்நேரம் காலை நீட்டிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தால்? உயிரோடிருக்கிறவனுக்கு ஈயம் போட்ட பைத்தியக்காரி என்று நீங்களே கடையில் சொல்லிச் சிரிப்பீர்கள். போன வருஷம் ஹசிந்தோ, "டிரவுட்டத் தேடிப் போனானா, சிலிக்காரியத் தேடிப் போனானா?" என்று கேட்டபோது கடையில் அதிகம் சிரித்தது நீங்கள். நான் வெளியே விறகுக் கட்டோடு நின்றிருந்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் ஊரைவிட்டு வந்தேன். இதுவரை அதை உங்களிடம் சொன்னதில்லை.

ஒரு வருஷமாக எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அவன் செத்தானா, என்னை விட்டுவிட்டுப் போனானா. செத்தான் என்றால் அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். போனான் என்றால் திட்டிவிட்டு எழுந்துவிடுவேன். இரண்டும் தெரியாமல் கிடக்கிறேன்.

நீங்கள் பார்த்தது நிஜமானால் அவன் என்ன போட்டிருந்தான், சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் இதைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

எல்வீரா


கயேலு ஏரிக்கரை,
ஏப்ரல் 14

எல்வீரா,

என்னைப் பொய்யன் என்று எழுதாமல் எழுதியிருக்கிறாய். சரி. ஆட்டுக்குட்டி விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். பூனைக்குட்டி அளவு இருந்தது, நனைந்திருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு விஷயம் எனக்குத் தெரியாது கண்ணு. நீ வெளியே நின்றது தெரிந்திருந்தால் ஹசிந்தோவின் பல்லை உடைத்திருப்பேன், அவன் எவ்வளவு உயரமாக இருந்தாலும்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். "இந்த மூட்டத்துல எங்கடா போற, சாகவா?" என்றாள் தெல்மாக்கா. "என் மருமக ஒரு கேள்வி கேட்டிருக்கா, பதில் வாங்கிட்டு வரேன்" என்றேன். "பதில் சொல்றதுக்கு முன்னால கம்பளித் தொப்பியப் போடு" என்று தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். பெண்பிள்ளைத் தொப்பி. போட்டுக்கொண்டு போனேன். அந்த அவமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்.

கழுதைமுனையைத் தாண்டினதும் ஏரி சத்தமே இல்லாமல் ஆகிவிட்டது. கரையில் காற்றடித்து லெங்கா இலைகள் பறப்பது தெரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. என் மோட்டார் சத்தம்கூட வேறு யாரோ தூரத்தில் ஓட்டுகிற மாதிரி இருந்தது. அப்போது அவன் வந்தான்.

இந்தத் தடவை இரண்டு துடுப்பு நீளம்தான் இடைவெளி. மூன்று விஷயம் பார்த்தேன். மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று, அவன் படகு நகர்கிறது, ஆனால் பின்னால் தண்ணீரில் கோடு விழவில்லை. இஸ்திரி போட்ட துணி மாதிரி அப்படியே கிடக்கிறது.

அடுத்தது அவன் நரம்பு. இழுவையில் நரம்பு எப்படி இருக்கும், படகுக்குப் பின்னால் சாய்ந்து நீண்டு வரும். படகு போகப் போக அதுவும் வரும். அவனுடையது நேர் கீழே இறங்கியது. சுவரில் கொத்தனார் விடுகிற தூக்குநூல் மாதிரி. ஓடுகிற படகில் நரம்பு அப்படி நிற்க வேண்டுமானால் அதன் அடியில் எவ்வளவு கனம் கட்டியிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார். ஊரில் ஒருவனும் ஈயம் தொடாத வருஷத்தில்.

அவன் கோலைத் தூக்கினான். நான் தூக்கினேன். அப்படித் தூக்கினால் இரண்டு படகும் ஆளுக்கொரு பக்கம் விலக வேண்டும், அதுதானே நம் வழக்கம். நான் கரைப்பக்கம் திருப்பினேன். அவனும் கரைப்பக்கம் திரும்பினான். என்கூடவே வந்தான். அப்போது என் நரம்பில் ஒரு இழுப்பு. மீன் என்றால் உதறும், ஓடும், நிற்கும். இது அப்படியில்லை. சந்தைக் கூட்டத்தில் குழந்தை நம் விரலைப் பிடித்துக்கொண்டு வருமே, அந்த மாதிரி, விடாமல், இழுக்காமல், கூடவே. நான் பயப்படவில்லை. பிறகு அது விட்டுவிட்டது. நரம்பைச் சுருட்டினேன். விரல் விறைக்கிற தண்ணீரிலிருந்து வந்த நரம்பு, வெதுவெதுப்பாக இருந்தது கண்ணு. யாரோ இத்தனை நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து கொடுத்த மாதிரி.

முகம் தெரியவில்லை. தொப்பி மறைத்திருந்தது, குனிந்தேயிருந்தான். ஆனால் நீ கேட்டது முகத்தையல்ல. அவன் போட்டிருந்தது கையில்லாத கம்பளிச் சட்டை. கடுகு நிறம். இடது தோளில் ஒரே ஒரு மரப் பொத்தான். ஈரத்தில் அந்தப் பொத்தான் பளபளத்தது. இவ்வளவு சொன்னால் போதுமா?

மே முதல் ஞாயிறு. மறந்துவிடாதே.

நிகானோர்


கொமொதோரோ,
ஏப்ரல் 19

மாமா,

நீங்கள் எழுதிய சட்டையை யாரும் பார்த்ததில்லை.

இரண்டு நாளாக இந்த வரிக்கு மேல் எழுத வரவில்லை. இப்போது முயற்சி செய்கிறேன்.

அதை அவனுக்குத் தெரியாமல் ஆட்டுத்தொழுவத்தில் வைத்துப் பின்னினேன். தெல்மாக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். வெங்காயத் தோலை வேகவைத்துச் சாயம் போட்டேன், மஞ்சளாக வர வேண்டியது கடுகாக வந்துவிட்டது. பொருத்தமான பொத்தான் கிடைக்காமல் லெங்காக் குச்சியை நானே சீவி வைத்துத் தைத்தேன். தோளில் ஒன்றே ஒன்று. இடது தோள். தலை நுழையாது என்று அந்தப் பக்கம் திறப்பு விட்டிருந்தேன்.

அன்று காலையில் கொடுக்க எடுத்துப் போனேன். அவன் படகில் கரண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வாய் என்ன பேசும் என்று நமக்கு முன்னாலேயே தெரிகிறதா? கொடுக்கப் போனவள், ரொசௌரா பேச்சை எடுத்தேன்.

"ஊரே பேசுது, நீ மட்டும் ஒண்ணும் சொல்லமாட்டேங்கற."

"ஊர் பேசட்டும். நீயும் ஊரோட சேந்துட்டியா?"

"அக்கரைக்குப் போகத்தானே இவ்வளவு காலையில கிளம்பற?"

"போறேன்னு சொன்னா நிம்மதியா இருப்பியா? சரி, போறேன்."

சட்டையைச் சுருட்டிப் படகுக்குள் எறிந்தேன். "இதைப் போட்டுக்கிட்டே போ, அவளும் பாக்கட்டும்" என்றேன். அது படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் விழுந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோட்டாரைக் கிளப்பிப் போய்விட்டான். அதுதான் நான் கடைசியாகக் கண்டது.

அவன் அதை எடுத்துப் போட்டிருக்கிறான், மாமா. வேறொருத்தி வீட்டுக்குப் போகிறவன் பெண்டாட்டி எறிந்த சட்டையை, அதுவும் நனைந்ததை, பிழிந்து போட்டுக்கொண்டு போகமாட்டான். அவன் இழுவைக்குத்தான் போனான். குளிர்ந்தது, போட்டுக்கொண்டான். கோபம் போய்விட்டிருக்கிறது. திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறான்.

ஒரு வருஷத்தில் முதல் தடவையாக நேற்று அழுதேன். கூட வேலைசெய்கிறவள் பயந்துபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள்.

உங்களைப் பொய்யன் என்று நினைத்ததற்கு மன்னியுங்கள். வருகிறேன். ஈயத்தைப் போடுகிறேன் என்று ஹசிந்தோவிடம் சொல்லுங்கள்.

எல்வீரா


நகர மருத்துவமனை, ஆண்கள் பகுதி,
ஏப்ரல் 29

எல்வீரா கண்ணு,

நீ வரும்போது நான் அங்கே இருக்கமாட்டேன். ஹசிந்தோவின் விறகு லாரியிலிருந்து ஒரு மரக்கட்டை உருண்டு தெல்மாக்காவின் கடையை நோக்கி வந்தது. நான் குறுக்கே பாய்ந்து காலால் தடுத்தேன். கடை பிழைத்தது, கால் போயிற்று. படகுத்துறைப் பலகையில் உறைபனி வழுக்கி விழுந்தான் என்று ஊரில் சொல்வார்கள். கேட்காதே.

டாக்டர் என் எலும்பைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படி ஓர் எலும்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். பனி விழும்வரை இங்கேயே கிடக்க வேண்டுமாம்.

என் வீட்டில் தங்கிக்கொள். அடுப்புக்குழாய் புகையும், கதவைக் கொஞ்சம் திறந்துவை. ஈயம் போட்டதும் ஹசிந்தோவோடு கரைக்கு வந்துவிடு. அன்றைக்கே பஸ் ஏறிவிடு. தனியாகத் தண்ணீருக்குப் போகாதே. நீ வந்ததும் நேரில் உட்கார்ந்து ஒரு விஷயம் பேச வேண்டும் என்று இருந்தேன். காகிதத்தில் எழுதுகிற மாதிரி அது இல்லை. பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிகானோர்


கயேலு ஏரிக்கரை,
மே 4

மாமா,

நேற்று ஈயம் போட்டாயிற்று. நீங்கள் இல்லாதது பெரிய குறை. நீங்கள் இருந்திருந்தால் எல்லாவற்றையும் இன்னும் பெரிதாகச் சொல்லியிருப்பீர்கள். நான் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தெல்மாக்கா விடியற்காலையிலேயே ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள். "ஒண்ணாவது தின்னுட்டுப் போடி, வெறும் வயித்தோட ஈயம் தூக்காதே" என்று வாயில் திணித்தாள். எல்லாப் படகும் கழுதைமுனைக்கு வெளியே வளையமாக நின்றன, மோட்டாரை அணைத்துவிட்டு. நான் ஹசிந்தோவின் படகில் இருந்தேன். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அன்னிக்குக் கடையில நான் பேசினது தப்பு எல்வீரா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். ஈயக்குண்டைக் கையில் கொடுத்தான். முத்தமிட்டுவிட்டுப் போட்டேன்.

நரம்பு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் ஆழம் எவ்வளவு என்று அவர்களுக்கெல்லாம் கைரேகை மாதிரி தெரியும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. உருளையில் இருந்தது தீர்ந்தது. ஹசிந்தோ வேறொன்றை எடுத்து முடிச்சுப் போட்டான், அதுவும் ஓடியது. மற்ற படகுகளில் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஹசிந்தோ கத்தியை எடுத்தான். "கைய எடு" என்றான். "அடி தொடலியே?" என்றேன். "தொட்டுச்சு. தொட்டுச்சுன்னு வச்சுக்க. கைய எடு" என்று அறுத்துவிட்டான். அவன் உதடு வெளுத்திருந்தது.

கரைக்குத் திரும்பும்போது நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அப்போது பார்த்தேன் மாமா. மூட்டத்துக்குள் ஒரு படகு, தூரத்தில். உள்ளே ஒரு ஆள், குனிந்து. கோலைத் தூக்கினான்.

தூக்கிப் பதில் சொல்ல என் கையில் எதுவும் இல்லை. வெறும் கையைத் தூக்கினேன். அவன் கோலை இறக்கவே இல்லை. நாங்கள் கரை சேரும்வரை தூக்கியபடியே இருந்தான். ஹசிந்தோவிடம் சொன்னேன். அவன், "அங்க ஒண்ணுமில்ல, முன்னால பாத்து உக்காரு" என்றான்.

தூரத்திலிருந்து எனக்கு நிறம் தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் போய்ப் பார்த்தவர் நீங்கள் இருக்கிறீர்கள். கடுகு நிறத்தையும் பொத்தானையும் நீங்கள் பார்க்காவிட்டால் இதெல்லாம் எனக்கு வெறும் மூட்டம்தான், பஸ் ஏறிப் போயிருப்பேன். இப்போது தெரிந்துவிட்டது. நீங்கள் தூக்கியது போதவில்லை, என் பதில் கிடைக்காமல்தான் அவன் விலகிப் போகாமல் நிற்கிறான். எதிரே இருப்பவர் கோலைத் தூக்கும்வரை அவனால் திரும்ப முடியாது. நான் போய்த் தூக்க வேண்டும். அவன் எந்தப் பக்கம் திரும்புகிறானோ அந்தப் பக்கம் கொஞ்சதூரம் கூடப் போவேன். அன்று எறிந்துவிட்டு வந்ததற்கு அவ்வளவாவது செய்ய வேண்டாமா?

உங்கள் படகைத் துடைத்து வைத்துவிட்டேன். சனிக்கிழமை காலை காற்று இருக்காது என்கிறார்கள். யாரையும் அழைக்கப் போவதில்லை.

எல்வீரா


நகர மருத்துவமனை,
மே 8, வெள்ளிக்கிழமை

எல்வீரா,

இதை மத்தியான பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். "லெட்டர அவ கையில குடுக்கற வரைக்கும் நீ மனுஷனே இல்ல, தபால்பெட்டி" என்று சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் உன்னிடம் வந்துவிடும். ஹசிந்தோவுக்கும் தனியாக ஒரு சீட்டு இருக்கிறது, என் படகின் துடுப்பையும் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போகச் சொல்லி. நீ அவனோடு சண்டை போடாதே. இதைப் படி.

என் வாழ்க்கையில் யாராவது கேள்வி கேட்டு நான் 'தெரியாது' என்று சொன்னதேயில்லை. தெரியாவிட்டாலும் வாய் அதுபாட்டுக்குப் பதில் சொல்லிவிடும். பழகிவிட்டது. நீ கேள்வி கேட்டாய். ஹசிந்தோ கடைவாசலில் காத்திருந்தான். உன்னை வரவழைக்கிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன்.

படகை நான் பார்த்தேன். இரண்டு தடவை. தண்ணீரில் கோடு விழவில்லை. நரம்பு நேர் கீழே இறங்கியது. அவன் கோலைத் தூக்கினான், என்கூடவே திரும்பினான். நரம்பு வெதுவெதுப்பாக இருந்தது. பயப்படவில்லை என்று எழுதினேனே, அதை அடித்துவிடு. பயந்தேன். அதற்குப் பிறகு நான் தண்ணீருக்குப் போகவே இல்லை. துறைப் பலகையில் வழுக்கியதுகூட ஏரிப்பக்கம் பார்க்காமல் நடந்ததால்தான்.

ஆனால் அந்த ஆள்மேல் நிறம் எதுவும் இல்லை கண்ணு. மூட்டம் என்ன நிறமோ அவனும் அந்த நிறம். குனிந்திருந்தான், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். எதையாவது எழுத வேண்டுமே என்று யோசிக்கக்கூட இல்லை, கடுகு நிறம் என்று கை எழுதிவிட்டது. இடது தோள் என்றும் அதுவே எழுதியது. நல்ல கற்பனை என்று என்னையே மெச்சிக்கொண்டு உறையை ஒட்டினேன். பிறகு உன் பதில் வந்தது. அப்படி ஒரு சட்டை நிஜமாகவே இருக்கிறது என்று நீ எழுதியிருந்த இடத்தைப் படித்துவிட்டு, நடுப்பகலில் எல்லா விளக்கையும் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது எனக்குள் எங்கிருந்து வந்தது என்று கேட்காதே. இந்த ஒரு கேள்விக்குத்தான் தெரியாது என்று சொல்கிறேன்.

அவன் லிசாந்த்ரோதான் என்று நீ நம்புவதற்கு அந்தச் சட்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? நீயே எழுதினாய், அது இல்லாவிட்டால் பஸ் ஏறியிருப்பேன் என்று. ஏறிவிடு. உன் புருஷன் செத்தானா போனானா என்பது எனக்குத் தெரியாது. அங்கே கோலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது யார் என்பதும் தெரியாது. உன்னைப் பதிலுக்குத் தூக்கவைக்க அதற்கு என்ன தேவையோ, அது என் கையாலேயே உனக்கு எழுதப்பட்டு வந்துவிட்டதோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது.

தூக்காதே. நாளைக்குக் காலையில் கதவைக்கூடத் திறக்காதே.

மற்றதெல்லாம் நடந்தது எல்வீரா. சட்டை மட்டும் நான் கட்டிவிட்ட கதை.

நிகானோர்